மனைவியிடம் யார் சொல்வது?

கேள்வி: உப்பளத் தொழிலாளி ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. மனைவிக்குத் தெரியாது. நானே சொல்லிவிடலாமா?
— ஒரு செவிலியர், மரக்காணம்

பதில்: கூடாது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி, துணைவரிடம் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே. அவர்களும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. துணைவருக்குத் தொற்றும் அபாயம் கணிசமாக இருக்கவேண்டும். நோயாளியையே சொல்லச் சொல்லி ஆலோசனை தந்தும் அவர் சொல்லாதிருந்தால், ‘நாங்கள் சொல்லப்போகிறோம்’ என்று அவருக்குத் தெரிவித்துவிட்டு, துணைவரிடம் நேரில் சொல்லலாம்.

சென்னையில் ரத்தம் கொடுத்தபோது தொற்று தெரியவந்த ஒருவரின் வழக்கில், ரகசியத்தைவிட அவரை மணக்கவிருந்த பெண்ணின் உயிர் பெரிது என்றது உச்ச நீதிமன்றம், 1998-இல். நியாயம்தான். அதற்காக நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம்; சும்மா இருந்துவிடவும் வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். உப்பள மேஸ்திரி விசாரித்தால், ‘சாதாரணக் காய்ச்சல்’ என்றுகூடச் சொல்லாதீர்கள்.