டிஸ்கவரியை இடம் மாற்றலாமா?

மாணவர்களே, விண்வெளிக்குப் போய் வந்த கலத்தின் கதை தரையிறங்கியதும் முடிந்துவிடுவதில்லை. ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பிறகு, டிஸ்கவரி என்னும் விண்ணோடம் அமெரிக்காவில் பெரிய வழக்காடலைக் கிளப்பியது. அதை ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. தொடவே கூடாது என்கிறது மறுதரப்பு. யார் சொல்வது சரி என்று பார்க்க, நாம் வகுப்பில் படித்த வெப்பக் கடத்தல் பாடமே உதவும்.

இரு தரப்பு நியாயங்கள்

டிஸ்கவரி முதன்முதலில் 1984 ஆகஸ்ட்டில் பறந்தது. 2011 மார்ச்சில் கடைசியாகத் தரையிறங்குவதற்குள் 39 முறை விண்வெளிக்குச் சென்று, மொத்தம் 365 நாள்கள் அங்கே இருந்தது. ஹபிள் தொலைநோக்கியை 1990இல் சுமந்து சென்றதும் இதுதான். சேலஞ்சர், கொலம்பியா ஆகிய இரு விண்ணோடங்களும் 14 வீரர்களோடு அழிந்தன. அந்த விபத்துகளுக்குப் பின் மீண்டும் பறக்கத் துணிந்தபோது, 1988, 2005 ஆகிய இரு முறையும் முதலில் அனுப்பப்பட்டது டிஸ்கவரியே. 2012 ஏப்ரலில் அது ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அன்றுமுதல் வாஷிங்டன் அருகே, வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள அந்நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் நிற்கிறது.

மற்ற விண்ணோடங்களில் எண்டெவர் லாஸ் ஏஞ்சலஸுக்கும் அட்லாண்டிஸ் புளோரிடாவுக்கும் போயின. விண்வெளிக்கே போகாத சோதனைக் கலமான எண்டர்பிரைஸ் நியூயார்க்குக்குப் போனது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகருக்குக் கிடைத்தது ஒரு மாதிரி உருவம் மட்டுமே. விண்ணோடப் பயணங்களை வழிநடத்திய கட்டுப்பாட்டு மையம் இருப்பது ஹூஸ்டனில். வீரர்கள் பயிற்சி பெற்றதும் குடும்பத்தோடு வாழ்ந்ததும் அங்கேதான். "எங்கள் ஊருக்கு ஒரு விண்ணோடம் கிடையாதா?" என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. திரிங்காப்பிலிருந்து கோலாலம்பூர் தேசியக் கோளரங்கத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவதென்றால் ஒரு முழு நாள் பயணம். அதை அறிந்த நமக்கு அந்த ஏக்கம் புரியும்.

2025 ஜூலையில் கையெழுத்தான ஒரு சட்டம் இதற்காக 85 மில்லியன் டாலர் ஒதுக்கியது. சட்டத்தில் டிஸ்கவரியின் பெயர் இல்லை. மனிதரைச் சுமந்து விண்வெளிக்குச் சென்ற ஒரு கலம் என்று மட்டுமே இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்த டெக்சாஸ் செனட்டர்கள் கேட்டது டிஸ்கவரியைத்தான். ஸ்மித்சோனியன் இரண்டு பதில்கள் சொன்னது. ஒன்று, 2012இலேயே நாசா உரிமையை முழுமையாக எங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. இரண்டு, கலத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றாமல் கொண்டுபோக முடியாது. கொண்டுபோக மட்டுமே 120 முதல் 150 மில்லியன் டாலர் ஆகும்.

ஏன் கழற்ற வேண்டும்?

டிஸ்கவரியின் நீளம் 37 மீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை ஏறக்குறைய 24 மீட்டர். எடை 70 டன்னுக்கும் மேல். முன்பு இதை முதுகில் சுமந்து பறக்க நாசாவிடம் இரண்டு போயிங் 747 விமானங்கள் இருந்தன. அவையும் இப்போது காட்சிப் பொருள்களாகிவிட்டன. அவற்றில் ஒன்று நிற்பது ஹூஸ்டனிலேயே, அந்த மாதிரி விண்ணோடத்தைச் சுமந்தபடி!

எனவே தரைவழியும் நீர்வழியும்தான் மிச்சம். 2012 அக்டோபரில் எண்டெவர் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தூரம் முழு உருவமாக இழுத்துச் செல்லப்பட்டது. அதற்கே சுமார் 400 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் அதைவிடப் பல மடங்கு தொலைவு.

இறக்கையைக் கழற்றி, கொண்டுபோய், மறுபடியும் பூட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் பாடம் வருகிறது. விண்ணோடத்தின் உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஏறக்குறைய 175 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறினால் அந்த உடல் வலுவிழக்கும். ஆனால் வளிமண்டலத்துக்குள் திரும்பி நுழையும்போது கலத்தின் அடிப்புறம் ஆயிரம் பாகைக்கும் மேல் கொதிக்கிறது.

இடையில் நின்று காப்பவை ஏறக்குறைய 24,000 ஓடுகள். மிக நுண்ணிய சிலிக்கா இழைகளால் ஆன இந்த ஓடுகளின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். காற்று வெப்பத்தை அரிதிற் கடத்தி. அதனால், உலையில் பழுக்கக் காய்ச்சிய ஓட்டை வெளியே எடுத்த சில விநாடிகளில், உள்ளே இன்னும் செந்நிறமாக ஒளிரும்போதே, அதன் முனைகளை வெறுங்கையால் பிடிக்கலாம்.

ஆனால் இத்தனை காற்று அடைந்த பொருள் எளிதில் நொறுங்கும். ஒவ்வோர் ஓடும் அது இருக்கும் இடத்துக்கென்றே வெட்டப்பட்டு, எண்ணிடப்பட்டு, கலத்தின் மேல் ஒட்டப்பட்டது. இறக்கையைப் பிரிக்க வேண்டுமானால் இணைப்பின் மேலுள்ள ஓடுகளைப் பெயர்த்தாக வேண்டும். உடைந்தவற்றுக்குப் பதில் புதிய ஓடுகளைப் பதிக்கலாம். ஆனால் அந்தப் புதிய ஓடு விண்வெளியைப் பார்த்திருக்காது. டிஸ்கவரியின் மேல் இன்றும் தெரியும் கருகல்களும் கோடுகளும், அது திரும்பி வந்தபோது வெப்பக் காற்று எப்படிப் பாய்ந்தது என்பதற்குச் சாட்சி. நாளைய பொறியியலாளர் அதைத்தான் படிக்க வருவார்.

எல்லாக் கலமும் இப்படியா?

இல்லை. இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மா 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-10 கலத்தில் கசகஸ்தானில் இறங்கினார். அந்தக் கலம் இன்று புதுடில்லி நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. நம் நாட்டின் ஷேக் முஸாபரும் 2007 அக்டோபரில் ஒரு சோயுஸ் கலத்தில்தான் திரும்பினார். சோயுஸின் இறங்கும் பகுதி 2.2 மீட்டர் அகலமும் ஏறக்குறைய 3 டன் எடையும் கொண்டது. இங்கிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி இறங்கும் பெரிய லோரியே அதைச் சுமந்துவிடும். நிலவுக்குச் சென்ற அப்போலோ 11 கலத்தையும் இதே ஸ்மித்சோனியன் 2017இல் ஊர் ஊராக அனுப்பியது. அப்போது முதலில் போன ஊர் ஹூஸ்டன்! ஆகவே அருங்காட்சியகப் பொருளை நகர்த்தவே கூடாது என்று ஒரு விதி இல்லை. சேதமின்றிப் போய், சேதமின்றித் திரும்ப முடியுமா என்பதே கேள்வி.

என் கருத்து இது: ஹூஸ்டனின் ஆசை நியாயமானது, ஆனால் கேட்ட பொருள் பொருத்தமில்லை. சிறிய கலம் ஒன்றைக் கேட்டிருந்தால் ஊருக்கும் பெருமை, பொருளுக்கும் பாதுகாப்பு. மாணவர்களை டிஸ்கவரியிடம் அழைத்துப் போக வழி உண்டு. வெட்டிய இறக்கையை வெட்டாததாக ஆக்க வழியே இல்லை.

சிந்தித்து எழுதுங்கள்

1. வெந்நீரில் ஓர் உலோகக் கரண்டியையும் ஒரு மரக்கரண்டியையும் போட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பிடிகளைத் தொட்டுப் பாருங்கள். விண்ணோடத்தின் உடலுக்கு ஒப்பானது எது? ஓட்டுக்கு ஒப்பானது எது?

2. உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ உள்ள மிகப் பழைய பொருள் எது? அதைப் புதிதுபோல் மெருகேற்றினால் என்னென்ன தடயங்கள் அழியும்?

3. நீங்கள் ஹூஸ்டன் மாணவராக இருந்தால் என் கருத்தை எப்படி மறுப்பீர்கள்?