ஒரு சாண் தண்ணீர்

ஒரகடத்தில் வேலை பார்த்துக்கொண்டே கடலுக்கடியில் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பிக்கு,

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து நீங்கள் அனுப்பிய கேள்வி ஒரே வரிதான். கிட்டப் போய், அதே சமயம் அகலமாகவும் எடுக்க எந்த லென்ஸ் வாங்குவது? இரண்டு வருடம் ஓ.டி. பார்த்துச் சேர்த்த பணம் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் இந்தப் பதில். லென்ஸின் பெயருக்கு வருவதற்குமுன் கொஞ்சம் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஒரகடத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். உங்களுக்குக் கிடைக்கும் கடல் அதுதான். பருவமழைக் காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து தள்ளும் வண்டலை அந்தக் கரை நன்றாக அறியும். கடல் கலங்கிக் கிடக்கிறது என்று மீனவர் சொன்னால் அன்றைக்குச் சில மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது. அந்த நீரில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் பச்சைச் சுவர்தான் பதிவாகும். அதே பொருளை ஒரு சாண் தூரத்தில் எடுத்துப் பாருங்கள். நடுவில் தண்ணீரே இல்லாததுபோல இருக்கும். நிறத்துக்கும் இதே கதைதான். நீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 5 மீட்டர் ஆழம் போவதற்குள்ளேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிடும். ஸ்ட்ரோப், அதாவது நீருக்கடி ஃபிளாஷின் வெளிச்சம் பொருளுக்குப் போய்த் திரும்பி வருகிற வழியும் தண்ணீர்தான் என்பதால், அந்த வழி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிறம் மிஞ்சும்.

கிட்டப் போவதற்கு மேக்ரோ லென்ஸ் போதுமே என்று கேட்கலாம். மேக்ரோ மீனின் கண்ணைக் காட்டும், அது வாழும் இடத்தைக் காட்டாது. கிட்டத்து அகலக்கோணப் படத்தில் ஒரு கடல் விசிறி முன்னால் விரிந்து நிற்கும். பின்னால் வள்ளத்தின் அடிப்பகுதி, அதற்கும் மேலே வெயில். உயிரும் அதன் ஊரும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். நம் கலங்கல் கடலுக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இல்லை.

இப்போது கண்ணாடி. தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் கேமராவை வைத்தால் நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், லென்ஸின் அகலம் சுருங்கிப்போகும். அரைக்கோள வடிவில் இருக்கும் டோம் போர்ட் அந்த அகலத்தை மீட்டுத் தரும். ஆனால் டோம் சும்மா மூடி அல்ல, தண்ணீருக்குள் போனதும் அதுவே ஒரு லென்ஸாகிவிடும். எவ்வளவு தூரத்தில் இருக்கும் காட்சியையும் அது தனக்கு முன்னால், தன் ஆரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் ஒரு மாயபிம்பமாகக் கொண்டுவந்து நிறுத்தும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள முழு அரைக்கோள டோமுக்கு ஆரம் 5. ஆக, கேமராவைப் பொறுத்தவரை தொடுவானமே 15 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது! கிட்டத்துப் பொருளின் பிம்பம் அதைவிடவும் நெருங்கி, கிட்டத்தட்ட டோமின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் லென்ஸின் விளம்பரத் தாளில் நீங்கள் முதலில் தேட வேண்டியது மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம். அந்த எண் சென்சாரிலிருந்து அளந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டோக்கினா 10-17 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸுக்கு அது 14 சென்டிமீட்டர். கேமரா உடலின் ஆழத்தையும் லென்ஸின் நீளத்தையும் கழித்தால் முன்கண்ணாடிக்கு எதிரே மிஞ்சுவது சில சென்டிமீட்டர்தான். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா வைத்திருப்பவர்கள் இத்தனை வருடமாக அந்தப் பழைய லென்ஸை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். முழு ஃப்ரேம் கேமரா என்றால் கேனனின் 8-15 மி.மீ. ஃபிஷ்ஐ, 15 சென்டிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் பானாசோனிக்கின் 8 மி.மீ. ஃபிஷ்ஐ, 10 சென்டிமீட்டர். கோடுகளை நேராகக் காட்டும் 16-35 வகை ஜூம்கள் பலவும் 28 சென்டிமீட்டரில் நின்றுவிடும். அவற்றுக்குப் பெரிய டோம் வேண்டும், பெரிய டோம் பவளத்துக்கு அருகே போகாது. ஃபிஷ்ஐ கோடுகளை வளைக்கும் என்ற குறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடலுக்கடியில் நேர்கோடு குறைவு. டைவரின் கை கால்களை மட்டும் சட்டத்தின் ஓரத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொருள் இன்னும் சிறியது என்றால் ஃபிஷ்ஐக்குப் பின்னால் ஒரு 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் சேர்க்கலாம். மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் மாறாமல் பொருள் பெரிதாகும். ஒரு ஸ்டாப் வெளிச்சம் போகும். முதல் வருடத்தில் அது தேவைப்படாது.

கையில் இருப்பது காம்பாக்ட் கேமராதான் என்றாலும் வருத்தம் வேண்டாம். ஒலிம்பஸ் டிஜி-6, தண்ணீர் புகாமல் கேமராவை மூடும் ஹவுசிங் இல்லாமலேயே 15 மீட்டர் வரை தாங்கும், அதற்குரிய ஹவுசிங்கோடு 45 மீட்டர். ஹவுசிங்குக்கு வெளியே மாட்டும் வெட் லென்ஸ் ஒன்று சேர்த்தால் பார்வை அகலும், நீருக்கடியிலேயே கழற்றி மாற்றவும் முடியும். அதற்கும் ஹவுசிங் கண்ணாடிக்கும் நடுவே காற்றுக் குமிழி தங்கும். இறங்கியவுடன் லென்ஸைச் சற்றுத் தளர்த்திக் குமிழியை வெளியேற்றிவிட்டு மாட்டுவது பழக்கமாக வேண்டும்.

டோமைக் கண்ணாடியில் வாங்குவதா, அக்ரிலிக்கிலா? கண்ணாடியில் சுலபமாகக் கீறல் விழாது, ஆனால் விழுந்தால் விழுந்ததுதான். அக்ரிலிக்கில் சீக்கிரமே கீறல் விழும். அதன் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு நெருக்கமானது என்பதால் சிறு கீறலில் நீர் நிரம்பிப் படத்தில் மறைந்துவிடும், தேய்த்து மெருகேற்றவும் முடியும். கொட்டலசு ஒட்டிய கல்லுக்கு ஒரு சாண் அருகே போகப்போகிறவருக்கு, முதல் டோம் அக்ரிலிக்காக இருப்பதே நல்லது. 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய டோம் பாதி நீர், பாதி வானம் எடுக்க உதவும். உங்கள் வேலைக்கு 10 சென்டிமீட்டர் போதும். ஓரங்கள் கொஞ்சம் மங்கும்; அப்பர்ச்சரை எஃப் 11, எஃப் 13 என்று சுருக்கினால் சரியாகும். இன்னொன்று: லென்ஸின் முன்வளையத்தில் வெள்ளை எழுத்துகள் இருந்தால் கறுப்பு மார்க்கரால் மூடிவிடுங்கள். வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது அந்த எழுத்துகள் டோமின் உட்புறத்தில் பிரதிபலித்து, படத்தில் மீனின் வயிற்றின்மேல் லென்ஸின் பெயர் தெரியும்.

வெளிச்ச விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். பொருள் டோமை ஒட்டி இருக்கும்போது, நீளமான தாங்கிக் கைகளில் தூரமாக நிற்கும் ஸ்ட்ரோப் அந்த இடுக்குக்குள் வெளிச்சம் போடாது. சின்ன ஸ்ட்ரோப் இரண்டு, குட்டையான கைகள், டோமின் இரு பக்கமும் ஒட்டி, அதன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால். முகம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கட்டும். அப்போது வெளிச்சத்தின் ஓரம் மட்டும் பொருளைத் தொடும், நடுவே மிதக்கும் தூசு வெள்ளைப் புள்ளிகளாக மின்னாது. பின்னணி நீரின் நிறத்தை ஷட்டர் வேகம் தீர்மானிக்கும், முன்னால் இருப்பதை அப்பர்ச்சரும் ஸ்ட்ரோப்பும் தீர்மானிக்கும். இந்த இரண்டையும் மனத்தில் தனித்தனியாகப் பிரித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இனி, நீங்கள் யாரிடமும் கற்க வேண்டாத பாடம் ஒன்று. எஞ்சின் லைனில் லீக் டெஸ்ட் ஸ்டேஷனில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். ஹவுசிங்கின் வேக்யூம் பரிசோதனையும் அதேதான். பம்பால் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தம் ஏறுகிறதா என்று இருபது நிமிடம் காத்திருப்பது. பாகங்களைக் கழுவும் வாஷிங் மெஷினிலிருந்து சூடாக வந்த பாகம் லீக் டெஸ்டில் தவறான கணக்குக் காட்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதுபோலவே, ஏசி அறையில் மூடிய ஹவுசிங்கைக் கோவளம் வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சூடாகி, கசிவே இல்லாமல் எச்சரிக்கை விளக்கு எரியும். பலர் அங்கே பயந்து ஹவுசிங்கைத் திறந்து, ஈரக்காற்றையும் ஒரு தலைமுடியையும் உள்ளே விட்டு மூடுகிறார்கள். நீங்கள் நிழலில் வைத்துக் காத்திருப்பீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் கூடுகிறது. உங்கள் 10 சென்டிமீட்டர் டோமின் வட்டத்தின் மேல் கிட்டத்தட்ட 80 கிலோ, ஒரு ஆள் ஏறி நிற்பதற்குச் சமம். அந்த அழுத்தமே ஹவுசிங்கின் ரப்பர் ஓ-ரிங்கை இறுக்கிவிடும். ஆகையால் மேலே இருக்கும் முதல் சில மீட்டரில்தான் அதிகக் கவனம் தேவை. ஓ-ரிங்கில் தூசியோ மணலோ இல்லையென்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பதை உங்கள் கை ஏற்கெனவே ஆயிரம் முறை செய்திருக்கிறது.

பார்சல்களோடு வந்து குப்பைக்குப் போகும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். வெயிலில் நின்ற ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது டோமின் உட்புறம் பனி படர்வதை அவை தடுக்கும்.

கடலுக்குப் போவதற்குமுன் ஒரு பெரிய அண்டா போதும். வாடகை அறையில் அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் அதன் முனையில் ஒரு பிளாஸ்டிக் பூவும் வைத்து, ஹவுசிங்கை அமுக்கிப் பிடித்து எடுங்கள். டோமுக்கும் பூவுக்கும் நடுவே 5, 10, 20 சென்டிமீட்டர் என்று மாற்றி எடுத்தால் உங்கள் லென்ஸ் உண்மையில் எதுவரை குவிகிறது என்று தெரிந்துவிடும். தண்ணீரில் அரை ஸ்பூன் பால் விட்டுக் கலக்கினால் கோவளத்துக் கலங்கலே அண்டாவுக்குள் வந்துவிடும். ஸ்ட்ரோப்பின் கோணத்தை அங்கேயே திருத்திக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து ஏரிகளில் தனியாக இறங்கிப் பயிற்சி செய்ய வேண்டாம். சேறும் தாமரைத் தண்டும் காலைப் பிடிக்கும், உதவிக்கு ஆளிருக்காது.

ஒருநாள் மன்னார் வளைகுடாவுக்குப் போவீர்கள். 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா அது. அதன் 21 தீவுகளைச் சுற்றிப் பல இடங்களில் பவளம் ஆள் உயர ஆழத்திலேயே இருக்கிறது. சூரிய வெளிச்சமே அங்கே பெரிய ஸ்ட்ரோப். வனத்துறை அனுமதியின்றி அங்கே நுழையக் கூடாது. அனுமதி கேட்டு ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். 2010இலும் 2016இலும் கடல் சூடேறி வெளுத்து மாண்ட பவளங்கள் அங்கே நிறைய. ஒரு சாண் தூரத்துப் படத்தின் ஆபத்து அங்கேதான் தெரியும். டோம் அரை அங்குலம் முன்னே போனால் பல வருடம் வளர்ந்த கிளை ஒடியும். மூச்சை இழுத்து விடுவதிலேயே உடலை ஏற்றி இறக்கி, எதையும் தொடாமல் மிதக்கப் பழகும்வரை அந்த நீருக்குக் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். தூத்துக்குடிக்கு அருகே கடலரிப்பில் கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க, துளைகள் கொண்ட கான்கிரீட் செயற்கைப் பவளத் திட்டுகளை இறக்கியிருக்கிறார்கள். துளையில் குடியேறிய மீனும், அதற்கு மேலே அந்தத் தீவின் நிழலும் ஒரே படத்தில் வர வேண்டுமென்றால், அது உங்கள் லென்ஸால்தான் முடியும்.

அதற்கெல்லாம் இன்னும் நாளிருக்கிறது. கோவளத்தில் முதல் டைவுக்கு ஸ்ட்ரோப்புகளை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொண்டு, பாசியும் கொட்டலசும் படிந்த நங்கூரக் கயிறு ஒன்றைக் கண்டுபிடித்து, 30 சென்டிமீட்டரில் ஒன்று, 20இல் ஒன்று, 10இல் ஒன்று எடுங்கள். திரும்பி வந்ததும் ஹவுசிங்கை மூடியபடியே நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, உங்கள் தலைமுடி நன்றாகக் காய்ந்த பிறகு திறவுங்கள். மூன்று படங்களையும் அனுப்பி வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தூரத்தை எழுத மறக்க வேண்டாம்.

அன்புடன்.