கரும்புப் பணம் வராத மாதங்களில் மனசு

ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பு போட்ட ஒருவர் சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவான கட்டிங் ஆர்டருக்குக் காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் எரிந்து விழுவார், சொன்னதை மறப்பார், கணக்கில் தடுமாறுவார். "அவருக்கு மனசுல திடம் இல்லை" என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். இது தவறு. அந்த மனிதரை இன்னும் நோகடிக்கிற தவறும்கூட.

ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2013-ல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு அது. ரிஷிவந்தியம் இருக்கும் கள்ளக்குறிச்சி அன்று விழுப்புரத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். வெட்டுக்கு முன்பும், பணம் கைக்கு வந்த பின்பும் அதே விவசாயிகளுக்குப் படப்புதிர்களும் கவனத்தைச் சோதிக்கும் பயிற்சிகளும் கொடுத்தார்கள். நகை அடகிலும் கடன் தலையிலும் இருந்த நாட்களில் தவறுகள் கூடின, பதில் தாமதமானது. பணம் வந்ததும் அதே ஆட்கள் தேறிவிட்டார்கள். வெட்டு நாளை ஆலைதான் ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொரு மாதத்தில் தருகிறது என்பதால், வெயில் மழையின் விளைவு என்றும் இதைத் தள்ள முடியாது. மனிதர் மாறவில்லை, சுமைதான் மாறியது. ஆலை நிலுவைத் தொகையை வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மனநலத்தைத் தொடும் விஷயம் என்றே நான் கருதுகிறேன்.

"அதையே நினைக்காதீங்க" என்று சொல்வது அடுத்த தவறு. அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் பலிக்காது. வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று உளவியலாளர் டேனியல் வெக்னர் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தார். கரடி திரும்பத் திரும்ப வந்தது. 1987-ல் வெளியான ஆய்வு அது.

நினைப்பை அடக்காமல் கவனத்தை நிகழ்காலத்துக்குத் திருப்பலாம். ஆனால் நிகழ்காலத்தில் இருப்பது என்றால் மனசைத் துடைத்து வெறுமையாக்குவது என்ற எண்ணமும் பலரை முதல் நாளிலேயே தோற்கடிக்கிறது. கடன் நினைவு வரும், வரட்டும். "இப்போ கடனை நினைக்கிறேன்" என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விட வேண்டும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும். பிறகு மோட்டார் சத்தம், மண்வெட்டிப் பிடி, எதிரே நிற்பவரின் முகம் என்று கவனத்தைக் கொண்டுவர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடும் ஏறக்குறைய இதைத்தான் முதல் பயிற்சியாக வைக்கிறது. கண்ணை மூடி உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய அதிர்ச்சி உள்ளவர்களுக்குக் கண்ணை மூடினால் பயம் கூடுவதும் உண்டு. அவர்கள் திறந்தே வைத்திருக்கலாம்.

இதனால் கடன் அடையாது. அடுத்த ஒரு மணி நேரத்துக்குத் தலை தெளியும். கூட்டுறவுச் சங்கத்தில் தவணை கேட்கவோ, வீட்டில் உண்மையைச் சொல்லவோ அந்தத் தெளிவு தேவை. தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் போனாலும், உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை அது. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கஷ்டத்தில் இருப்பவர் அழைக்கத் தயங்கினால் மனைவியோ மகனோ அழைத்து என்ன செய்வதென்று கேட்கலாம்.