பள்ளிக் கூட்டம் எந்தக் கிழமை? கடலையும் கேட்டுச் சொல்லுங்கள்

உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடைபெற உள்ளது. அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அந்தச் சீட்டு புத்தகப்பையின் அடியில் நான்காக மடங்கிக் கிடந்து, திங்கட்கிழமை டிபன் பாக்ஸ் கழுவும்போதுதான் உங்கள் கைக்கு வருகிறது. "அட, முடிஞ்சு போச்சே!" என்று சொல்லிவிட்டு அன்றைய வேலையைப் பார்க்கப் போய்விடுகிறீர்கள். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை என்று எந்த ஊராக இருந்தாலும் இது நடக்கிற கதைதான்.

போனால் போகட்டும், அடுத்த கூட்டத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கூட்டம் பள்ளி உங்களுக்குச் செய்யும் உபசாரம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24-ஆவது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பெற்றோரைத் தவறாமல் சந்திப்பதும் அதில் ஒன்று. பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். "எம்புள்ள எப்படிப் படிக்குது டீச்சர்?" என்று கேட்கத் தயங்கி வாசலில் நிற்கும் அம்மாக்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

21-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-இல் இந்தக் குழுக்கள் மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. கடற்கரையில் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் நிறைய உண்டு. அங்கே இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். உங்கள் பிள்ளையின் பள்ளி எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் இவ்வளவு சொன்னாலும், ஆள் வந்து உட்கார்ந்தால்தானே கூட்டம். நம் மாவட்டத்துக் கடற்கரையில் வீட்டுக்காரர்களின் நேரத்தைத் தீர்மானிப்பது சுவரில் மாட்டிய காலண்டர் மட்டும் அல்ல. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை திரும்பும். நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். ஆகவே வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்தால் விசைப்படகில் போகும் அப்பாவுக்கு வசதி, நாட்டுப்படகில் போகும் அப்பாவுக்குச் சிரமம். புதன்கிழமை வைத்தால் கதை தலைகீழ். "அவுக கடலுக்குப் போயிருக்காக" என்று ஒரு அம்மா சொன்னால் அதை அக்கறையின்மை என்று எழுதிவிடக் கூடாது. அது தொழிலின் கணக்கு.

அம்மாக்களின் கணக்கு வேறு. மன்னார் வளைகுடாப் பகுதியில் கடல்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் சுமார் 12 நாள்தான் பாசிக்குப் போகிறார்கள். கடல் வளம் அழியக் கூடாது என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, தண்ணீர் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போவார்கள். அந்த நாட்களை விட்டால் அந்த மாதத்து வருமானமே போய்விடும். அந்த வாரத்தில் ஒரு கூட்டம் வைத்துவிட்டு, "தாய்மார்கள் வருகை குறைவு" என்று பதிவேட்டில் எழுதினால் அது நியாயமா? ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும். சங்கு, பாசிமணி விற்கும் வீடுகளில் அன்று யாரும் நகர முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை இருக்கிறது. பிற்பகல் 3 மணி என்றால் பரவாயில்லை, 1 மணி என்றால் ஆகாது.

துறை அறிவிக்கும் மேலாண்மைக் குழுக் கூட்ட நாளைப் பள்ளி தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆண்டு விழா, வகுப்பு வாரியான பெற்றோர் சந்திப்பு போன்றவற்றுக்கு நாள் குறிக்கும்போது உங்கள் கருத்துக்கு இடம் உண்டு. குழுக் கூட்டத்திலேயே எழுந்து, "அன்னைக்குப் பாசி நாளு சார், ரெண்டு நாள் தள்ளி வைங்க" என்று ஓர் உறுப்பினர் சொல்லலாம். பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு தாளில் அந்த ஆண்டின் நாட்களை எழுதி, பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமியைக் குறித்துவிட்டால் போதும். ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், அதாவது கல்வி வளர்ச்சி நாள். அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்தநாள், நவம்பர் 14 குழந்தைகள் தினம். இவை மாறாத தேதிகள். மற்றவற்றை வசதிப்படி அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது கைபேசி. பள்ளியின் எமிஸ் பதிவில் உங்கள் எண் இருக்கும். அது யாருடைய எண்? பெரும்பாலும் அப்பாவுடையது. அப்பா கடலுக்குப் போனால் போனும் கூடவே போகும், கரையிலிருந்து விலகினால் சிக்னல் இருக்காது. சிம் மாற்றியிருந்தால் அந்தப் பழைய எண் இப்போது வேறு யார் கையிலோ இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வகுப்பு ஆசிரியர் 11 மணிக்கு அழைக்கிறார், "நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்" என்கிறது. யோசித்துப் பாருங்கள். நாளைக்கே பள்ளிக்குப் போய், கரையில் இருப்பவரின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். அம்மா, பாட்டி, சித்தி யாருடையதாக இருந்தாலும் சரி. ஐந்து நிமிட வேலை.

இதன் அவசரம் மழைக்காலத்தில்தான் தெரியும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. விடுமுறை அறிவிப்பு காலையில் வந்தாலும், நடுவில் பள்ளியை விட்டாலும், செய்தி வீட்டுக்குச் சேர்ந்தாக வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிப் பெரியவர்கள் இன்னும் பேசும் ஊர் இது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய விடுமுறைப் படத்தை நம்பாதீர்கள், போன வருடத்துப் படமாகக்கூட இருக்கும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பா என்று பார்த்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் நிறுத்துங்கள்.

அறிவிப்பு எழுதும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. "தங்கள் மேலான வருகையை அன்புடன் எதிர்நோக்கி" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். (எங்கள் துறையிலும் அப்படித்தான் எழுதுகிறோம், ஒப்புக்கொள்கிறேன்.) இப்படி இருக்கட்டுமே: "வியாழன் மாலை 4 மணிக்கு மூன்றாம் வகுப்புப் பெற்றோர் வாங்க. உங்க பிள்ளை வாசிக்கிறதை நீங்களே கேட்கலாம். அரை மணி நேரம்தான். வர முடியலைன்னா வெள்ளி காலை 9 மணிக்கு வாங்க." எந்த நாள், எதற்கு, எவ்வளவு நேரம், முடியாவிட்டால் என்ன என்பது எல்லாம் இதில் வந்துவிட்டது. படிக்கத் தெரியாத பெற்றோருக்கு இதையே குரல் பதிவாக அனுப்பலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் நேருக்கு நேர் பேசுவதால் என்ன ஆகும் என்பதற்கு ராமேஸ்வரத்திலேயே ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்வது. தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் அவர் முன்வரிசையில், கோயில் தலைமை அர்ச்சகரின் மகன் ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் உட்காருவார். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், முஸ்லிம் மாணவன் அங்கே உட்காரக் கூடாது என்று அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார். ராமநாதன் அழுதுவிட்டான். இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் எதிரிலேயே, அறியாத மனங்களில் வேற்றுமையை விதைக்கக் கூடாது என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், பிறகு மாறினார். கவனியுங்கள், பிள்ளை வீட்டில் சொன்னது, பெரியவர் கேட்டார், உடனே பேசினார். அன்று எமிஸ் இல்லை, செயலி இல்லை.

இன்று உங்கள் பிள்ளை வகுப்பில் எங்கே உட்காருகிறது, யாரோடு சாப்பிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? கூட்டத்துக்குப் போனால் அதையும் கேளுங்கள். கேட்பதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். "குடிநீர் வசதி மேம்படுத்த வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது தாளிலேயே நின்றுவிடும். "குழாயில் உப்புத் தண்ணீர் வருகிறது, பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறார்கள்" என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அதே விஷயத்தைக் கிராம சபையிலும் வையுங்கள். பள்ளி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், வலை பின்னிக்கொண்டு அப்பாக்களும் ஊரில் இருப்பார்கள். ஆண்டுத் தேர்வு முடியும் நேரமும், பள்ளி மறுபடி திறக்கும் நேரமும் இதற்குள்ளேயே வருகின்றன. ஐந்தாம் வகுப்பு முடித்த மகளை ஆறாம் வகுப்புக்கு எந்தப் பள்ளியில், எந்தப் பேருந்தில் அனுப்புவது என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தலைமை ஆசிரியரிடம் பேச, வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் கிடைக்கும்.