கொட்டானிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இறுதியாண்டு படிக்கிறேன். பொருள் வடிவமைப்பில் முதுநிலைப் படிப்பு படிக்க ஆசை. படம் வரைய அவ்வளவாக வராது. எனக்கு இடம் கிடைக்குமா?
– ஒரு வாசகி, வலையபட்டி

பதில்: தாராளமாக முயலலாம். பம்பாய் ஐஐடி நடத்தும் 'சீட்' (CEED) தேர்வை இறுதியாண்டிலேயே எழுதலாம். வயது வரம்பு கிடையாது. ஒரு பகுதி கணினியில். மறு பகுதியில் கையால் வரைந்தும் எழுதியும் விடை தர வேண்டும். பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத் ஐஐடிகளிலும் பெங்களூரு ஐஐஎஸ்சியிலும் எம்.டெஸ். எனும் வடிவமைப்பு முதுநிலைப் படிப்பில் சேர இந்த மதிப்பெண் உதவும். 1961-ல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்ஐடி) தனித் தேர்வு வைக்கிறது.

ஓவியம் பற்றிக் கவலை வேண்டாம். கோட்டின் அழகைவிட எண்ணம் விளங்குகிறதா என்பதே முக்கியம். தினம் ஒரு வீட்டுப் பொருளை வரைந்து பழகுங்கள்.

நேர்காணலுக்கு உங்கள் வேலைகளைத் தொகுத்த போர்ட்ஃபோலியோ வேண்டும். அதற்கு உங்கள் பக்கத்துப் பனையோலைக் கூடையான செட்டிநாட்டுக் கொட்டானே போதும். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. முடையும் அக்கா ஒருவரோடு உட்காருங்கள். ஓலை எங்கே பிய்கிறது, கை எப்போது வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு சிக்கலுக்கு மாதிரி செய்து அவரிடமே கொடுங்கள். வேண்டாமென்று அவர் சொன்னால், அந்தக் காரணத்தையும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.