சொல்லாமல் வரும் விருந்தாளியும் ஒழுங்கு கலைந்த வீடும்

 

நம் காரியாபட்டி, மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி செல்லும் பிரதான சாலையில் இருக்கிறது. "இந்த வழியாகத்தான் போனோம், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினோம்" என்று சொல்லி உறவினர்கள் வருவது நம் வீடுகளில் வழக்கம். உறவைத் தேடி வருவது நன்மையான காரியம். அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த நேரத்தில் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? கொடியில் எடுத்த துணி மடிக்காமல் கட்டிலில் கிடக்கிறது. காலைப் பாத்திரம் கழுவாமல் இருக்கிறது. பிள்ளைகளின் புத்தகம் கூடம் முழுவதும் பரவிக் கிடக்கிறது. நம் மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் மில்லுக்கும், தீப்பெட்டி ஆபீஸுக்கும், பட்டாசு ஆலைக்கும் போய்விட்டு மாலையில்தான் வீடு திரும்புகிறார்கள். கதவு தட்டப்படும் சத்தம் கேட்டதும் அவர்களுக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் பதற்றம்தான் வருகிறது. வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய் நான்கு இடத்தில் பேசுவார்களோ என்ற பயம். இந்தப் பயத்தினாலேயே யாரையும் வீட்டுக்கு அழைக்காமல் இருப்பவர்களும் உண்டு.

சகோதரர்களே! இந்தச் சூழ்நிலைக்கு மார்க்கம் தெளிவான ஒழுங்குகளைக் கற்றுத் தந்திருக்கிறது. அதில் முதல் பொறுப்பை வீட்டுக்காரர் மீது சுமத்தவில்லை. வருபவர் மீதுதான் சுமத்துகிறது.

வருபவரின் ஒழுங்கு

பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்க வேண்டும், ஸலாம் சொல்ல வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-வது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரீ 6245). அனுமதி கேட்பது எதற்காக? பார்வையின் காரணமாகவே அது விதிக்கப்பட்டது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கமும் தந்தார்கள் (புகாரீ 6241). அதாவது, வீட்டார் காட்ட விரும்பாததை நம் கண் பார்த்துவிடக் கூடாது.

நபி (ஸல்) அவர்கள் ஒருவர் வீட்டுக்குச் சென்றால் வாசலுக்கு நேராக நிற்கமாட்டார்கள். வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நின்று ஸலாம் சொல்வார்கள் (அபூதாவூத்). நாமோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ஆள் இருக்கிறதே, ஏன் திறக்கவில்லை?" என்கிறோம்.

இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. பஸ் ஏறும்போதே, "அரை மணி நேரத்தில் வருகிறோம், வசதிப்படுமா?" என்று கேட்டுவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்! பயணம் போன கணவர்கூட இரவில் திடீரென்று வீட்டுக்குள் நுழையாமல், மனைவி தலைவாரித் தன்னைச் சரிசெய்துகொள்ள அவகாசம் தர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் (புகாரீ 5247). கணவருக்கே இந்த ஒழுங்கு என்றால், விருந்தாளிக்கு எவ்வளவு வேண்டும்!

பொய் வேண்டாம், கோபமும் வேண்டாம்

கதவு தட்டும்போது, "அத்தா வீட்டில் இல்லை என்று சொல்லு" எனப் பிள்ளையை அனுப்புகிறோம். வீட்டின் அலங்கோலத்தை மறைக்கப் போய்ப் பிள்ளைக்குப் பொய் பழக்குகிறோம். இந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. திரும்பிப் போகுமாறு சொல்லப்பட்டால் திரும்பிவிடுங்கள், அதுவே உங்களுக்குத் தூய்மையானது என்ற கருத்தை அதே அத்தியாயத்தின் 28-வது வசனம் சொல்கிறது. "இப்போது வசதிப்படவில்லை, மாலையில் வாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்ல வீட்டாருக்கு உரிமை உண்டு. அதைக் கேட்டு, "என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்" என்று பகை வளர்க்க வந்தவருக்கு உரிமை இல்லை.

வீட்டாரின் ஒழுங்கு

தூய்மை ஈமானோடு சம்பந்தப்பட்டது. வீட்டைச் சுத்தமாக வைப்பது நம் கடமை. ஆனால் அது பெண்ணின் கடமை மட்டும்தானா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள் (புகாரீ 676). விருந்தாளி போன பிறகு, "வீட்டை இப்படியா வைத்திருப்பாய்?" என்று மனைவியைக் கடியும் கணவர், அந்தத் துணியில் ஒன்றையாவது தான் மடித்தோமா என்று யோசிக்கட்டும்.

அதே நேரத்தில், இல்லாததை இருப்பதாகக் காட்டிச் சிரமப்படவும் வேண்டாம். வீண் சிரமம் எடுத்துக்கொள்வது எங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தது என்று உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள் (புகாரீ 7293). அதே உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை அனுமதி பெற்று நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் சென்றபோது கண்டது என்ன? விரிப்பில்லாத பாய், விலாவில் அதன் தழும்பு, ஈச்ச நார் திணித்த தோல் தலையணை, தொங்கிக்கொண்டிருந்த பதப்படுத்தாத தோல்கள் (புகாரீ 4913). அல்லாஹ்வின் தூதரின் அறையே அப்படித்தான் இருந்தது. எளிய வீட்டுக்காக நாம் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

வந்தவரைச் சிரித்த முகத்தோடு அமரவைத்து, இருப்பதைக் கொடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் விருந்துதான். வீட்டில் காடியைத் தவிர வேறொன்றும் இல்லாதபோது அதையே நல்ல குழம்பு என்று பாராட்டி உண்டவர்கள் நபி (ஸல்) அவர்கள் (முஸ்லிம்). "மன்னித்துக்கொள்ளுங்கள், வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது" என்று பத்து முறை சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அவர்களிடம் நலம் விசாரிப்பது மேல்.

பார்த்ததைப் பேசாதீர்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமானது இது. ஒரு வீட்டுக்குள் பார்த்தது அமானிதம். "அவர்கள் அடுப்படியைப் பார்க்க வேண்டுமே!" என்று அடுத்த வீட்டில் போய்ச் சொன்னால், அது புறம். பேசுவது உண்மையாக இருந்தாலும் அது புறம்தான். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-வது வசனம் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சேர்த்தே தடுக்கிறது. இந்தப் பேச்சினால் ஒரு பெண்ணின் வரன் தட்டிப்போகலாம், மாமியார் மருமகளுக்குள் சண்டை வரலாம், ஓர் உறவே முறியலாம். உப்பைத் தின்றுவிட்டு உப்பிட்டவரின் மானத்தை விற்கலாமா?

அடுத்த முறை ஒரு வீட்டில் துணி குவிந்திருப்பதைக் கண்டால், அந்தப் பெண்ணுக்கு உடம்பு முடியவில்லையோ, வேலைப் பளுவோ என்று நல்லெண்ணம் வையுங்கள். அதிக நேரம் உட்கார்ந்து அவர்களைச் சிரமப்படுத்தாமல் எழுந்துவிடுங்கள். நெருங்கிய உறவு என்றால், "நான் மடித்துத் தரட்டுமா?" என்று கேளுங்கள்.

பிறர் குறையை மறைப்பவர்களாகவும், விருந்தினரை மனமுவந்து வரவேற்பவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்புரிவானாக! ஆமீன்.