லூபஸ் கண்ட தாய்மாருக்கு இதமான யோகாசனம்



காலையில் எழுந்தால் கைவிரல்கள் மடங்கவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. வெயிலில் களையெடுத்துவிட்டு வந்தால், மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் சிவந்துவிடுகிறது. முடி கொட்டுகிறது. அடிக்கடி காய்ச்சல் வந்து போகிறது. "வேலைக்குப் பயந்து படுத்துக்கிறா" என்கிறார் மாமியார். "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்கிறார் பக்கத்து வீட்டம்மா.

இரண்டும் இல்லை. இது லூபஸ் என்ற நோயாக இருக்கலாம். இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்து டாக்டர்தான் உறுதி சொல்ல வேண்டும். நோய்க் கிருமிகளை விரட்ட நம் உடம்பில் ஒரு காவல் சக்தி உண்டு. லூபஸில் அந்தக் காவல்காரன் ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே அடிக்கிறான். மூட்டு, தோல், சிறுநீரகம் எல்லாம் அடி வாங்குகின்றன. இந்த நோய் கண்ட 10 பேரில் ஏறக்குறைய 9 பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதினரே அதிகம். இது தொற்றாது. தொழுநோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

இனி யோகாசனத்துக்கு வருவோம். முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: ஆசனம் இந்த நோயைப் போக்காது. ஆனால் அசதி, மூட்டு விறைப்பு, தூக்கம் வராமை, மனக்கவலை ஆகியவை குறைய உதவும். மருந்து மருந்துதான், ஆசனம் அதற்குத் துணை. "மாத்திரையை நிறுத்திட்டு ஆசனம் மட்டும் செய்யுங்க" என்று எவ்வளவு பெரிய குரு சொன்னாலும் கேட்காதீர்கள். பல நாளாகச் சாப்பிட்டுவரும் பிரெட்னிசலோன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஆசனம் என்றதும் தலைகீழாக நிற்பது என்று பயப்பட வேண்டாம். ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கொடுப்பதும் நம் நாட்டு முறைதான். டி. கிருஷ்ணமாச்சாரியார் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் சென்னையில் தொடங்கிய யோக மந்திரமும் அந்த வழியில் வந்ததுதான்.

லூபஸ் உள்ளவருக்கு வெயில் ஆகாது. வெயில் பட்டால் தோல் சிவப்பதோடு நிற்காமல் நோயே கிளம்பிவிடும். ஆகவே மொட்டை மாடியில் நின்று சூரிய நமஸ்காரம் செய்வது இவருக்கு வேண்டாம். மேகமூட்டம் என்றாலும் வேண்டாம். வீட்டுக்குள் காற்றோட்டமான இடம் போதும். விடியற்காலையில் மூட்டு விறைத்திருக்கும். அதனால் பொழுது சாய்ந்த பிறகு, சாப்பாட்டுக்கு முன்னால் செய்வது நல்லது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காருங்கள். மூச்சை இழுக்கும்போது விரல்களை விரியுங்கள். விடும்போது மெதுவாக மடக்குங்கள். 5 முறை போதும். அப்படியே மணிக்கட்டு, தோள், கணுக்கால். பிறகு பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, தொடைக்குப் பின்னால் கை கொடுத்து வயிற்றை நோக்கிக் கொண்டுவாருங்கள். முழங்காலைப் பிடித்து இழுக்காதீர்கள். கால் மாற்றிச் செய்யுங்கள். கடைசியில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து 10 நிமிடம் சவாசனம். 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

சிரசாசனம், சர்வாங்காசனம், பத்மாசனம் வேண்டவே வேண்டாம். பிரெட்னிசலோன் நெடுநாள் சாப்பிட்டால் எலும்பு பலம் குறையலாம். இடுப்பு மூட்டு எலும்பும் கெடலாம். நடக்கும்போது தொடை இடுக்கில் வலி எடுத்தால் ஆசனத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு செய்வது? உடம்பைத்தான் கேட்க வேண்டும். செய்து முடித்து 2 மணி நேரம் கழித்தும் வலி நின்றால், அல்லது மறுநாள் அடித்துப்போட்டாற்போல் இருந்தால், அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். மூட்டு வீங்கிக் காய்ச்சல் அடிக்கும் நாளில் ஆசனம் கிடையாது. படுத்தபடி மூச்சு மட்டும். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகமும் காலும் வீங்கினாலும், சிறுநீர் நுரைத்துப் போனாலும் தள்ளிப் போடாதீர்கள். அது சிறுநீரகம் கெடுவதன் அடையாளமாக இருக்கலாம்.

கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. இந்த நோய் ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது. "நேத்து நல்லாத்தானே இருந்தே, இன்னைக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். உடம்பு வலியைவிட அந்தக் கேள்விதான் பல பெண்களைச் சுடுகிறது. அவர் பாயில் படுத்துக் கண்ணை மூடும் அந்த 10 நிமிடமும் அடுப்பும் குழந்தையும் உங்கள் பொறுப்பு. "என்னங்க, பால் பொங்குது" என்று அவர் எழுந்து ஓடும்படி விட்டால் அது சவாசனம் ஆகுமா?

குழந்தை வேண்டும் என்பவர்கள் தாராளமாக ஆசைப்படலாம். ஆனால் நோய் அடங்கி 6 மாதமாவது ஆன பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான். சில மாத்திரைகள் கருவைப் பாதிக்கும். அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைக் கர்ப்ப காலத்திலும் தொடர்வதே வழக்கம், நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை ஆணுறையோ காப்பர்-டியோ பயன்படுத்தலாம். கருத்தடை மாத்திரை எல்லா லூபஸ்காரர்களுக்கும் ஒத்துக்கொள்ளாது, சிலருக்கு இரத்தம் உறையும். கடையில் நீங்களாக வாங்கிவிடாமல் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் லூபஸ் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள். கர்ப்பம் தரித்ததும் ஆசனங்களைப் பற்றியும் அவரிடமே மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கணவரும் கூடப் போங்கள்; மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.